தூதர் மக்கார்ட்னி பிரபு

அரசியலுக்கு இன்றியமையாத துணைகளுள் தூதும் ஒன்றென நம் முன்னோர் கருதினர். திருவள்ளுவனார் பொருட்பாலிலே தூதிற்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தமையும், அதியமான் நெடுமானஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றமையும் தமிழ் கற்றார் நன்கறிவர். படை செல்லுமிடத்து ஆயிரவர் மடிவர்; தூது செல்லுமிடத்து ஒருவரே தம் நாவையும் பொறுமையையும் மானத்தையும் பணயமாக வைத்து நிற்பர். ஆயினும், வென்று மீண்ட படைத்தலைவர்க்குச் சிலையெடுத்துச் சிறப்புச் செய்யும் உலகம், எடுத்த காரியம் கைகூடாது மீண்ட தூதரை எளிதில் மறந்துவிடுகின்றது.

அங்ஙனம் மீண்ட ஒருவரது வரலாற்றையே ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுந்தோம். அவர் இங்கிலாந்தின் சார்பாக உருசியப் பேரரசியிடத்தும் சீனச் சக்கரவர்த்தியிடத்தும் தூது சென்றவர். இடையே நம் சென்னை மாநகரில் நான்காண்டுகள் கவர்னராக அமர்ந்தவர். ஜார்ஜ் மக்கார்ட்னி என்பது அவர் பெயர். அவர்தம் வாழ்வில் குறையும் உண்டு, நிறையும் உண்டு. இரண்டனையும் மறையாது கூறுதலே வரலாறு எழுதுவோர் கடனாதலின், யாமும் அவ்வாறே செய்ய முயல்வோம்.

பிறப்பும் இளமையும்

மக்கார்ட்னி 1737-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியாகிய ஆண்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தார். இவர்தம் முன்னோர் ஸ்காத்லாந்திலிருந்து வந்து அயர்லாந்திற் குடியேறியவர். குடி நற்குடியேயாயினும் பெருஞ்செல்வமோ, அரசவையிற் செல்வாக்கோ உடையதன்று. டப்ளின் நகரத்துத் திரித்துவக் கல்லூரியிற் பயின்று 1759-இல் எம். ஏ. பட்டம் பெற்ற இவர், பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயிலத் தொடங்கினார். ஐரோப்பிய நாடுகளிற் பிரயாணஞ் செய்தபொழுது ஹாலந்து பிரபுவின் குடும்பத்தாரது நட்பு இவர்க்குக் கிடைத்தது. அழகிய தோற்றமும், நாகரிகமான பேச்சும், பன்மொழிப் பயிற்சியும், எதனையும் கூர்ந்து நோக்கிக் குறித்துவைக்கும் இயல்பும் இவரிடம் ஒருங்கே அமைந்திருந்தன. தூதர்க்கு வேண்டும் இக்குணங்களை அப்பெரியோர் கண்டுகொண்டமையே இவரது ஏற்றத்திற்கு முதற்படியாயிற்று.

உருசிய நாட்டுத் தூது

1764-ஆம் ஆண்டில், தமது இருபத்தேழாம் அகவையில், மக்கார்ட்னி ‘நைட்’ பட்டம் பெற்று உருசிய நாட்டிற்குத் தூதராக அனுப்பப்பட்டார். அந்நாளில் அந்நாட்டை ஆண்டவர் இரண்டாம் காதரைன் பேரரசியார். ஆங்கிலேயர்க்கு உருசியாவுடன் 1734-இல் ஏற்பட்டிருந்த வாணிக உடன்படிக்கையின் காலம் கடந்துவிட்டமையால் அதனைப் புதுப்பித்தலே இவர்க்கிட்ட பணி. ஆங்கிலக் கப்பற்படைக்கு வேண்டும் பாய்மர மரங்களும், சணலும், இரும்பும் பெரும்பாலும் அந்நாட்டினின்றும் வந்தமையால் அப்பணி எளிதாகக் கருதத்தக்கதன்று.

இளைஞராகிய தூதர் பேரரசியாரின் அமைச்சராகிய பானின் என்பாருடன் பலநாள் உரையாடி, 1765-இல் ஓர் உடன்படிக்கையை முடித்து, இலண்டனின் இசைவுக்குக் காத்திராமலே கையொப்பமும் இட்டுவிட்டார். தன் நாட்டுக் கப்பல் வாணிகத்தை வளர்க்கும் சட்டங்களை இயற்றும் உரிமையை உருசியா தனக்கென ஒதுக்கிக்கொண்ட ஒரு பிரிவினைக் கண்ட ஆங்கில அரசாங்கத்தார் அதனை ஏற்க மறுத்தனர். தம் அரசினராற் கடிந்துகொள்ளப்பட்ட தூதர் மனம் தளர்ந்தாரிலர். மீண்டும் தொடக்கத்தினின்றே பேசலுற்று, சொற்களை மாற்றியமைத்து, 1766-இல் இருதரத்தாரும் ஏற்கத்தக்க உடன்படிக்கையை முடித்தார். விரைந்து முடிக்கும் ஆற்றலினும், முறிந்ததனை மீண்டும் இணைக்கும் பொறுமையே தூதர்க்குப் பெருந்துணை என்பதை அவர் இளமையிலேயே கற்றுக்கொண்டார் எனலாம்.

அயர்லாந்தும் கிரெனடாவும்

1768-இல் பியூட் பிரபுவின் மகளார் ஜேன் அம்மையாரை மணந்த மக்கார்ட்னி, 1769 முதல் 1772 வரை அயர்லாந்தின் தலைமைச் செயலாளராகப் பணியாற்றினார். 1775-இல் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய கிரெனடாவின் கவர்னராக நியமிக்கப்பெற்றார். அடுத்த ஆண்டில் பிரபுப் பட்டமும் பெற்றார். அத்தீவின் செல்வமெல்லாம் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் வியர்வையால் விளைந்தது. அக்கொடுமையின்மேல் எழுந்த ஆட்சிக்கே இவர் தலைவராயிருந்தார் என்பதை மறைத்தற்கில்லை.

1779-இல் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவராகிய தெஸ்தேங் பெரும்படையுடன் கிரெனடாவை வளைந்துகொண்டார். சில நூறு வீரரே உடைய மக்கார்ட்னி குன்றின்மேல் நின்று பொருது, இறுதியில் சிறைப்பட்டுப் பிரான்ஸ் தேசத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டார். பின்னர்க் கைதிகளை மாற்றிக்கொள்ளும் முறையில் விடுதலை பெற்றார். இத்தீவில் இருந்தபொழுதுதான், மருத்துவமும் சட்டமும் அறிந்த ஜார்ஜ் ஸ்டாண்டன் என்னும் அயர்லாந்து நாட்டவர் இவர்க்கு நண்பராயினார். சென்னையிலும் சீனத்திலும் நிழல்போற் பிரியாது நின்றவர் அவரே.

சென்னையில் நான்கு ஆண்டுகள்

1781-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மக்கார்ட்னி பிரபு சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக வந்திறங்கினார். கம்பெனியாரிடம் ஊழியம் பார்த்து உயர்ந்தவர்களே அப்பதவியில் அமர்ந்துவந்த வழக்கத்திற்கு மாறாகப் புறத்தேயிருந்து வந்தவர் இவர். வந்த காலமோ மிகக் கொடியது. முந்திய ஆண்டில் ஹைதர் அலி கருநாடகத்தின்மேற் படையெடுத்துப் புள்ளலூரிற் கம்பெனிப் படையை முறியடித்திருந்தார். நாட்டுப்புறங்கள் தீக்கிரையாயின, உழவர் ஊர்களைத் துறந்து சென்னையை நோக்கி ஓடிவந்தனர். பஞ்சம் பரவிற்று. 1782 அக்டோபரில் எழுந்த புயலிலே சென்னைத் துறையில் நின்ற தானியக் கப்பல்கள் அழிந்தமையால் துன்பம் இருமடங்காயிற்று. பசியால் நலிந்தோர்க்குக் கஞ்சி வார்க்கும்பொருட்டு அக்காலத்துத் தோன்றிய அறநிலையமே, பின்னர் மணியக்காரர் சத்திரம் எனப் பெயர்பெற்று நிலைத்தது.

இத்தகைய காலத்தும் சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர் பலர்க்குச் செல்வம் ஈட்டுதலே நோக்கமாயிருந்தது. ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி அவர்களுக்குப் பெருவட்டிக்குக் கடன்பட்டு, அதற்கீடாக நாட்டு வருவாயை எழுதிக் கொடுத்துக் கொண்டிருந்தார். புதிதாக வரும் கவர்னர்க்கு நவாபு காணிக்கை அளிப்பதும், கவர்னர் அதனைப் பெற்று வாய்வாளாதிருப்பதும் வழக்கமாகிவிட்டன. மக்கார்ட்னி அக்காணிக்கையைத் தொடவில்லை. மேலும், 1781 டிசம்பரில் கருநாடக வருவாய் முழுவதையும் ஐந்தாண்டுக்குக் கம்பெனியாரிடம் ஒப்படைக்கவும், அதில் ஆறிலொரு பங்கு நவாபின் செலவுக்கு விடவும் உடன்படிக்கை செய்துகொண்டார். அவ்வருவாய் முதற்கண் போர்ச்செலவுக்கே பயன்பட்டது. ஆதலின் இதனைக் குடிகளுக்குச் செய்த உபகாரமெனப் புகழ்தல் பொருந்தாது. எனினும், கடன் கொடுத்தோரின் கைக்குட் சென்றுகொண்டிருந்த பொருள் இதனால் தடைப்பட்டது. கடன் கொடுத்தோருட் பெருந்தலைவராகிய பால் பென்பீல்டு முதலியோரின் பகையை இவர் அன்றே தேடிக்கொண்டார்.

பகை நான்கு திசையினின்றும் எழுந்தது. கல்கத்தாவிலிருந்த கவர்னர்-ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ், வருவாயை நவாபிடம் திருப்பிக் கொடுக்குமாறு ஆணையிட்டார், மக்கார்ட்னி இணங்கவில்லை. படைத்தலைவராகிய ஸர் ஐர் கூட், கவர்னரின் அதிகாரத்திற்குத் தாம் உட்பட்டவரல்லர் என்று கருதினார். அவர்க்குப்பின் வந்த ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் அவ்வாறே மாறுபட்டு நின்றார். 1776-இல் கவர்னர் பிகட் பிரபுவைச் சிறைசெய்தவர் இந்த ஸ்டூவர்ட்டே. பிகட் காவலிலேயே உயிர்நீத்தார். அவ்வரலாற்றை அறிந்த மக்கார்ட்னி காலந்தாழ்த்தாது, 1783 செப்டம்பரில் ஸ்டூவர்ட்டைப் பதவியினின்று நீக்கித் தம் நண்பர் ஸ்டாண்டனைச் சில சிப்பாய்களுடன் அனுப்பிக் கைதுசெய்வித்து, இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். ஒரு துளி இரத்தமும் சிந்தாது அக்காரியம் முடிந்தது.

1782 டிசம்பரில் ஹைதர் அலி இறந்தார். திப்பு சுல்தான் போரைத் தொடர்ந்தார். கருவூலம் வறண்டிருந்தமையால் சமாதானமே தக்கதென மக்கார்ட்னி துணிந்தார். தமிழும் பிறமொழிகளும் வல்லவராய், ஹைதர் அலியாலும் மதிக்கப்பெற்றவராய்த் தஞ்சையில் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயரையும் அத்தூதிற் சேர்க்க விரும்பினர். ஆனால் திப்புவின் ஆட்கள் அவரை வழியிலேயே தடுத்துத் திருப்பிவிட்டனர். ஸ்டாண்டன் முதலிய மூவர் மங்களூர் சென்று, 1784 மார்ச்சு 11-ஆம் நாள் உடன்படிக்கை செய்துகொண்டனர். வென்ற இடங்களை இருவரும் திருப்பிக் கொடுப்பதென்றும், சிறைப்பட்டோரை விடுவிப்பதென்றும் அதில் முடிவாயிற்று. கம்பெனிக்கு இது பெருமையன்றென ஹேஸ்டிங்ஸ் சினந்தார். பெருமை வந்ததோ இல்லையோ, நான்காண்டு தீயில் வெந்த நாட்டிற்கு ஓய்வு வந்தது.

1785-இல், வருவாயை நவாபிடமே திருப்பித் தருமாறும், அவர்தம் கடன்களைத் தக்க விசாரணையின்றியே ஒப்புக்கொள்ளுமாறும் இலண்டனிலிருந்து ஆணை வந்தது. பார்லிமெண்டில் எட்மண்டு பர்க் இக்கடன்களைக் கண்டித்து நெடிய சொற்பொழிவாற்றியும் பயனில்லையாயிற்று. தாம் கண்டித்ததனைத் தம் கையாலேயே நிறைவேற்ற மனமில்லாத மக்கார்ட்னி பதவியைத் துறந்தார். கல்கத்தா சென்றபொழுது, தாம் கவர்னர்-ஜெனரலாக நியமிக்கப்பட்டிருக்கும் செய்தி அவரை எதிர்கொண்டது. வேண்டும் அதிகாரமும் அரசாங்கத்தின் உறுதியான ஆதரவும் இன்றி அப்பெரும்பதவியை ஏற்க அவர் உடன்படவில்லை. தாய்நாடு திரும்பித் தம் நிபந்தனைகளைக் கூறினார். அவை ஏற்கப்படவில்லை, கார்ன்வாலிஸ் பிரபு அப்பதவிக்கு அனுப்பப்பட்டார்.

இந்தியாவினின்று திரும்பிய ஆங்கிலேயர் பலர் பெருஞ்செல்வராய்த் திரும்பிய காலம் அது. மக்கார்ட்னியோ, தம் சம்பளத்தின்மேல் தாம் பெற்றன நண்பர் இருவர் அளித்த மதுப்பீப்பாய்களும் சிறிதளவு பழமும் தின்பண்டமுமே எனச் சத்தியம் செய்து கணக்குக் காட்டினார். கம்பெனியார் ஆண்டுக்கு 1,500 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தனர். ஸ்டூவர்ட் மட்டும் தம் பகையை மறக்கவில்லை. புள்ளலூரில் மீண்டும் நிகழ்ந்த போரில் ஒரு காலை இழந்திருந்த அவர், 1786 ஜூனில் இலண்டனுக்கு அருகே மக்கார்ட்னியைத் துவந்த யுத்தத்திற்கு அழைத்து, மரத்திற் சாய்ந்து நின்று துப்பாக்கியாற் சுட்டார். மக்கார்ட்னி தோளிற் காயமுற்று உயிர் பிழைத்தார். துவந்த யுத்தத்தாற் கௌரவத்தை நிலைநாட்டலாமென்ற அக்காலத்துப் பேதைமைக்கு அவரும் தப்பினாரிலர்.

சீனத் தூது

அவர் பெயரை உலகம் நினைப்பது பெரும்பாலும் சீனத் தூதினாலேயாம். 1784-இல் ஆங்கிலப் பார்லிமெண்டு தேயிலையின்மேலிருந்த வரியை மிகவும் குறைத்துவிட்டமையால் இங்கிலாந்தில் தேயிலை அருந்துவோர் பெருகினர். தேயிலை முழுவதும் சீனத்தினின்றே வரவேண்டும். சீனரோ ஆங்கிலச் சரக்குகளை அதிகம் விரும்பவில்லை. ஆகவே வெள்ளி மலைபோற் சீனத்திற்குச் சென்றது. வாணிகம் செய்தற்குக் கான்டன் துறைமுகம் ஒன்றே திறந்திருந்தது; அங்கும் சில வணிகர் குழுவினரோடு மட்டுமே கொடுக்கல்வாங்கல் செய்யலாம். இந்தியாவில் விளைந்த அபினியைத் தனி வணிகர் கள்ளத்தனமாகக் கொண்டுசென்று விற்று அவ்வெள்ளியை ஈடுசெய்தனர். இந்நிலையைப் பேசித் திருத்தும்பொருட்டு முன்னர் அனுப்பப்பட்ட காத்கார்ட் என்பார் 1788-இல் வழியிலேயே இறந்துபோனார். பின்னர் அப்பணி மக்கார்ட்னியிடம் ஒப்படைக்கப்பட்டது. அபினி வாணிகத்தை நிறுத்துமாறு சீனர் உறுதியாகக் கேட்பாராயின் அதற்கு இணங்கலாம் என்னும் ஆணையும் அவர்க்கு அளிக்கப்பட்டிருந்தது. இதனை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

1792 செப்டம்பர் 26-ஆம் நாள் ‘லயன்’ என்னும் போர்க்கப்பலும் ‘இந்துஸ்தான்’ என்னும் வணிகக் கப்பலும் ஒரு சிறு துணைக்கலமும் இங்கிலாந்தினின்று புறப்பட்டன. மருத்துவர், ஓவியர், வானநூலறிஞர், இசைவாணர், காவலர் என ஏறத்தாழ நூற்றுவர் பரிவாரத்தில் இருந்தனர். கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பெரும் யந்திரம், தூரதிருஷ்டிக் கண்ணாடி, கடிகாரங்கள், பூகோள உருண்டைகள், வெட்ஜ்வுட் பீங்கான்கள், கோச்சு வண்டிகள், பித்தளைப் பீரங்கிகள் முதலியன சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகச் சென்றன.

ஆயினும் இத்தனை பொருள்களுக்கிடையே கிடைத்தற்கரியதாயிருந்தது சீனமொழி அறிந்த நா ஒன்றே. இங்கிலாந்தில் அம்மொழி அறிந்தார் அகப்படவில்லை. இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரில் சீன இளைஞரைக் கத்தோலிக்கக் குருமாராகப் பயிற்றும் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கிருந்து சீனர் இருவரை ஸ்டாண்டன் அழைத்துவந்தார். அவர்க்கு இலத்தீனும் இத்தாலியமும் தெரியும், ஆங்கிலம் தெரியாது. எனவே மக்கார்ட்னியின் ஆங்கிலம் இலத்தீனாகி, இலத்தீன் சீனமாகிச் சென்றது. நாடு விட்டு வெளியேறிய குற்றத்திற்காகவும் அந்நியர்க்கு உதவிய குற்றத்திற்காகவும் தண்டனை அஞ்சி ஒருவர் மக்காவிலேயே விலகிவிட்டார். லீ என்னும் மற்றொருவரே ஆங்கில உடை அணிந்து, ஆங்கிலப் பெயர் பூண்டு, உயிருக்கஞ்சாது இறுதிவரை துபாஷியாயிருந்தார். ஸ்டாண்டனின் மகனாகிய சிறுவன் ஜார்ஜ் தாமஸ் கப்பலிலேயே அவர்களிடம் சீனமொழி பேசவும் எழுதவும் கற்றுக்கொண்டான்.

வணக்க முறை பற்றிய வழக்கு

1793 ஆகஸ்டில் தூதுக்குழுவினர் கரையிறங்கினர். அவர்களை ஏற்றிச்சென்ற படகுகளின் கொடிகளில், இவர் திறை கொண்டுவரும் தூதர் என்னும் கருத்துப்படச் சீன எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. மக்கார்ட்னி அதன் பொருளை அறிந்தும் அறியாதார்போல் இருந்துவிட்டார். இன்று பெய்ஜிங் என வழங்கும் பீக்கிங் நகரை அடைந்து, அங்கிருந்து பெருமதிலைக் கடந்து, சக்கரவர்த்தி கோடையில் தங்கும் ஜெஹோல் நகருக்குச் சென்றனர்.

அக்காலத்தே சீனத்தை ஆண்டவர் சியென்லுங் சக்கரவர்த்தி. 1735 முதல் அரியணையில் வீற்றிருந்தவர். 82-ஆம் பிறந்தநாளை அணுகிக்கொண்டிருந்தவர். அவர்முன் செல்வோர் மும்முறை மண்டியிட்டு ஒன்பதுமுறை நெற்றி நிலத்திற்படத் தாழ்ந்து வணங்கவேண்டுமென்பது அவ்வரசவையின் மரபு. உலகிற்கெல்லாம் சீனச் சக்கரவர்த்தி ஒருவரே தலைவர், ஏனைய அரசர் அவர்க்குக் கீழ்ப்பட்டவர் என்பதே அவ்வணக்கத்தின் பொருள். மக்கார்ட்னியோ தம் அரசரைச் சீனச் சக்கரவர்த்திக்குச் சமமானவராகக் கொண்டே வந்தவர். பலநாள் வாதம் நிகழ்ந்தது. தமக்கொத்த பதவியுடைய சீன அதிகாரி ஒருவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படத்தின்முன் அவ்வாறே வணங்குவாராயின் தாமும் வணங்குவதாக அவர் கூறினார். அதற்குச் சீனர் உடன்படவில்லை. முடிவில், தம் சொந்த அரசர்முன் செய்வதுபோல ஒரு முழந்தாளை மட்டும் மடித்து வணங்குவதென முடிவாயிற்று.

1793 செப்டம்பர் 14-ஆம் நாள் வைகறையில், ஜெஹோல் பூங்காவில் அமைத்த பெருங் கூடாரத்தில் அச்சந்திப்பு நிகழ்ந்தது. மக்கார்ட்னி வைரமிழைத்த பொற்பேழையில் வைத்த மன்னரின் கடிதத்தை ஒரு முழந்தாளிட்டுக் கொடுத்தார். சக்கரவர்த்தி முகமலர்ந்து உபசரித்தார். தூதருள் சீனமொழி அறிந்தார் எவரேனும் உளரோ என வினவ, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஜார்ஜ் தாமஸ் முன்வந்து சில சொற்கள் பேசினான். மகிழ்ந்த முதியவர் தம் இடையிற் கட்டியிருந்த பாக்குப்பையை அவிழ்த்துத் தம் கையாலேயே அவனுக்குப் பரிசளித்தார். அத்தூதில் இரு நாட்டார்க்கும் இடையே உண்மையான அன்பு விளங்கிய கணம் அதுவேயென யாம் கருதுகின்றோம்.

மறுப்பும் மீட்சியும்

மக்கார்ட்னியின் வேண்டுகோள்கள் பல. பீக்கிங்கில் ஆங்கிலத் தூதர் ஒருவர் நிலையாகத் தங்கவேண்டும். நிங்போ, சூசான், தியென்ட்சின் ஆகிய துறைகள் வாணிகத்திற்குத் திறக்கப்படவேண்டும். சூசானுக்கருகே சிறு தீவு ஒன்றும் கான்டனுக்கருகே ஓரிடமும் சரக்கு வைத்தற்கு வேண்டும். சுங்கவரி வரையறுக்கப்படவேண்டும் என்பன அவற்றுள் முதன்மையானவை. தலைமையமைச்சராகிய ஹோஷென் இனிய சொற்களால் உபசரித்தாரேயன்றி, காரியத்தைப் பற்றிப் பேச இடங்கொடுக்கவில்லை. அக்டோபர்த் தொடக்கத்தில் ஜார்ஜ் மன்னர்க்குச் சக்கரவர்த்தி எழுதிய திருமுகம் தூதரிடம் அளிக்கப்பட்டது. சீனத்தில் எல்லாப் பொருளும் நிறைந்திருத்தலின் அந்நியச் சரக்கு வேண்டுவதில்லையெனவும், வேண்டுகோள்கள் யாவும் மரபுக்கு மாறானவையெனவும் அதில் மறுக்கப்பட்டிருந்தன. அக்டோபர் 7-ஆம் நாள் தூதுக்குழு பீக்கிங்கைவிட்டு நீங்க நேர்ந்தது.

இம்மறுப்பினைச் செருக்கின் விளைவென்று மட்டும் கூறிவிடுதல் நேர்மையன்று. ஓராண்டுக்கு முன்னரே சீனப்படை திபெத்து எல்லையில் நேபாளத்துக் கூர்க்கரோடு பொருதிருந்தது. வங்காளத்தை ஆங்கிலேயர் கைப்பற்றிய செய்தியும் அங்கு எட்டாமலில்லை. வாணிகம் செய்யச் சிறிது இடம் கேட்டு வந்தவர் பின்னர் நாடாண்ட வரலாற்றைக் கருநாடகத்திலேயே கண்ட நமக்கு, தீவொன்று கேட்ட தூதரைச் சீனர் ஐயுற்றமை வியப்பாகாது.

பெருங்கால்வாய் வழியாகவும் ஆறுகள் வழியாகவும் தென்சீனம் நோக்கிச் சென்ற அந்நெடும் பயணத்தில் மக்கார்ட்னி ஊரையும் உழவையும் மக்களின் வாழ்வையும் கூர்ந்து நோக்கித் தம் குறிப்பேட்டில் எழுதிவந்தார். சீனப் பேரரசைப் பழைய பெரும் போர்க்கப்பலொன்றுக்கு ஒப்பிட்டு, திறமையுள்ள தலைவர் இல்லாதபொழுது அது கரையில் மோதிச் சிதறுமென அவர் கருதினார். ஆங்கிலக் கப்பல்கள் சில சேர்ந்து அக்கடற்கரையைப் பாழாக்குதல் எளிதென்பதையும் அறிந்திருந்தார். அறிந்தும், மென்மையான வழியில் நம்பிக்கை சிறிதேனும் எஞ்சியிருக்கும்வரை படைவலியை நாடுதல் நீதிக்கும் இரக்கத்திற்கும் ஏலாதென்றே எழுதிவைத்தார். அவமதிக்கப்பட்டதாகத் தம் நாட்டார் பலர் கருதிய ஒருவர் அவ்வாறு எழுதியது சிறிய செயலன்று. 1794 செப்டம்பரில் அவர் இங்கிலாந்தை அடைந்தார். உடன்படிக்கை ஒன்றும் அவர் கையில் இல்லை.

இறுதி நாட்கள்

1795-இல், நாடிழந்து வெரோனா நகரில் தங்கியிருந்த பதினெட்டாம் லூயியிடம் அவர் தூது சென்றார். 1797-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையிலுள்ள நன்னம்பிக்கை முனையின் கவர்னராகச் சென்று, உடல்நலங் குன்றியமையால் 1798-இல் திரும்பினார். சீனத்திற்கும் முனைக்கும் அவருடன் சென்ற ஜான் பாரோ என்பார் பின்னர் அவர் வரலாற்றை எழுதினார். வாதநோயால் வருந்திய மக்கார்ட்னி, அதன்பின் தம்மை நாடிவந்த பதவிகளை ஏற்காது ஓய்ந்திருந்து, 1806 மார்ச்சு 31-ஆம் நாள் இலண்டனுக்கு அருகிலுள்ள சிஸ்விக்கில் உயிர்நீத்தார். மக்கட்பேறு இன்மையால் அவர் பட்டங்களும் அவரோடு முடிந்தன.

அவர்க்குப்பின் நிகழ்ந்தவை

1816-இல் ஆம்ஹர்ஸ்டு பிரபு சீனத்திற்குத் தூது சென்று, சக்கரவர்த்தியைக் காணாமலே மீண்டார். அபினியின் வரவு ஆண்டுதோறும் பெருகியது. 1839-இல் சீன அதிகாரி அதனைப் பறிமுதல் செய்து அழித்தபொழுது போர் மூண்டது. பாக்குப்பை பரிசு பெற்ற அச்சிறுவன் ஜார்ஜ் தாமஸ் ஸ்டாண்டன், சீனச் சட்டநூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பேரறிஞனாய் வளர்ந்து, 1840-இல் பார்லிமெண்டில் அப்போரை ஆதரித்துப் பேசினார். சென்னைப் படையின் 37-ஆம் சிப்பாய்ப் பட்டாளமும் அப்போரில் ஈடுபடுத்தப்பட்டது. 1842-இல் நான்கிங் உடன்படிக்கையால் நிங்போ உள்ளிட்ட ஐந்து துறைகள் திறக்கப்பட்டன. ஹாங்காங் தீவும் ஆங்கிலேயர் வசமாயிற்று. மக்கார்ட்னி பணிந்து கேட்டவற்றுட் சில, ஐம்பதாண்டு கழித்துப் பீரங்கியாற் பறிக்கப்பட்டன. 1860-இல் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் பீக்கிங்கின் கோடை மாளிகையைக் கொள்ளையிட்டன. பின்னர் ஆங்கிலேயர் அதற்குத் தீயிட்டனர். அக்கொள்ளையின்போது, மக்கார்ட்னி காணிக்கையாகக் கொண்டுசென்ற பீரங்கிகளும் வண்டிகளும் பயன்படுத்தப்படாமலே அங்குக் கிடந்தனவாம்.

அவர் வாழ்வு உணர்த்துவது

மக்கார்ட்னி பிரபு தம் வாழ்நாளில் இருமுறை வெறுங்கையோடு தாய்நாடு திரும்பினார். சென்னையினின்று பொருளின்றித் திரும்பினார். சீனத்தினின்று உடன்படிக்கையின்றித் திரும்பினார். முன்னதனைப் பலர் பேதைமையென்றனர், பின்னதனைத் தோல்வியென்றனர். ஆயின் அவர்க்குமுன் சென்னையிற் கைநிறையப் பொருள் கொண்டு சென்றவர்கள் நாட்டைக் கடனில் ஆழ்த்திச் சென்றனர். அவர்க்குப்பின் சீனத்தினின்று கைநிறைய உரிமை பெற்று மீண்டவர்கள், ஒரு பெருநாட்டின் நெஞ்சில் நூறாண்டாயினும் ஆறாத புண்ணை ஏற்படுத்தி மீண்டனர். நிறைந்த கைகள் செய்த தீங்கினை நோக்குமிடத்து, அவருடைய வெறுங்கையே மேலானதென்பது விளங்கும்.

அவர் தொண்டு செய்த அரசாங்கம் பிற நாடுகளை அடிப்படுத்திய அரசாங்கம் என்பதை யாம் மறந்திலோம். ஒருவர் தாம் கைக்கூலி வாங்காமையால் மட்டும் தாம் அமர்ந்திருக்கும் ஆசனத்தின் குற்றம் நீங்கிவிடாது. ஆயினும், அத்தகைய ஆசனத்திலிருந்தும் ஒருவர் இது செய்யேன் என்று சொல்லக்கூடும் என்பதற்கு அவர் சான்றாவார். நம் கல்லூரியை விட்டு நீங்கும் மாணவர் பலர் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் அரசாங்கப் பணிகளிலும் அமர்வர். அங்கே செய்துமுடித்தவற்றின் கணக்கையே உலகம் கேட்கும். செய்ய மறுத்தவற்றின் கணக்கை நாமே நம் உள்ளத்தில் எழுதிவைத்தல் வேண்டும். சிஸ்விக்கில் உறங்கும் அம்முதியவரின் வரலாறு அக்கணக்கை நமக்கு நினைவூட்டுமாயின் யாம் எழுதிய இச்சிறு கட்டுரை பயனுடையதாகும்.